அரசின் முன் அனுமதி

2019 செப்டம்பர் 3, செவ்வாய்

இன்று எனக்கு எழுபத்தாறு வயது, நான்கு மாதம், பதினொரு நாள். கண் மருத்துவமனைக் கணினி சீட்டில் அப்படித்தான் அச்சடித்திருக்கிறது. இடது கண்ணில் புரை நீக்கியாயிற்று. புதுக் கண்ணாடி பழகும்வரை தினமும் நாலு வரி எழுதுங்கள் என்றார் மருத்துவர். அவர் என் பேரன் வயதுக்காரர். எனக்குப் பேரன் இல்லை என்பது வேறு. நாற்பது ஆண்டு பெண்கள் கல்லூரியில் இயற்பியல் நடத்தியவளுக்கு எழுதச் சொல்லிக்கொடுக்கிறார்.

வீடு திரும்பியபோது கேட்டருகே ஒரு பெண் நின்றிருந்தாள். முப்புடாதி என்று பெயர் சொன்னாள். நெடுவாறு அணையில் லஸ்கராக, அதாவது ஷட்டர்களைத் திறந்து மூடும் கடைநிலை ஊழியராக இருந்த பேச்சிமுத்துவின் மனைவி. உள்ளே வரச் சொன்னேன். வந்தாள், உட்காரவில்லை.

"எம்மா, இந்த வீட்டு நம்பருக்குத்தான் போன் போட்டேன்னு அவுக சொல்லுதாவ. அன்னைக்கு எடுத்தது யாருன்னு மட்டும் சொல்லுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்."

ஐந்து வருடத்துக்கு முன் அடித்த தொலைபேசியை யார் நினைவில் வைத்திருப்பார்கள் என்று கேட்டேன். அது கேள்வி, பதில் அல்ல. அவளுக்கு அந்த வித்தியாசம் புரிந்திருக்க வேண்டும். காப்பி வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

செப்டம்பர் 6, வெள்ளி

மோட்டார் தண்ணீர் இறைக்கவில்லை. பழுது பார்க்க வந்தவன் ஃபுட் வால்வு என்றான், பிறகு காயில் என்றான், கடைசியில் சுவிட்சு.

செப்டம்பர் 10, செவ்வாய்

சொட்டு மருந்து மூன்று வேளை. தலை குனியக் கூடாது. குனியாமல் பெருக்க முடியாது என்பதால் வீடு குப்பையாகக் கிடக்கிறது.

எழுதுவது என்று ஆனபின் வழக்கையும் எழுதி வைக்கிறேன். 2014 அக்டோபர் 30. மலையில் நல்ல மழை, அணை நிரம்பும் நிலை. தண்ணீரைத் திறந்துதான் ஆக வேண்டும்; அதில் தவறில்லை. திறக்கும் முன் மூன்று முறை அபாயச் சங்கு ஊத வேண்டும் என்பது விதி. சங்கு ஊதவில்லை. ஷட்டர் திறந்தது. கீழே, நடவு முடித்துச் சேறு கழுவ ஆற்றில் இறங்கியிருந்த ஐந்து பெண்களை வெள்ளம் கொண்டுபோயிற்று. அதில் ஒருத்திக்குப் பதினாறு வயது.

அணைக்குப் பொறுப்பான செயற்பொறியாளர் என் தம்பி சங்கரலிங்கம். எனக்குப் பதினாறு வயது இளையவன். பேச்சிமுத்து சொல்வது: சங்கு மாதக்கணக்கில் பழுது, எழுதிக் கொடுத்தும் சரிசெய்யவில்லை, மலையடிவாரத்தில் கைபேசி எடுக்காது என்பதால் அணையின் தரைவழித் தொலைபேசியில், ஐயா அவசரத்துக்கு எழுதி வைத்திருந்த எண்ணில் அவரைத் தேடினேன், திற என்று உத்தரவு வந்தது, திறந்தேன். தம்பி சொல்வது: அன்று காலையிலிருந்து நான் அணையிலும் அதற்கு மேலே நீர்வரத்துப் பகுதியிலும்தான் இருந்தேன், சங்கு வேலை செய்தது, நான் வந்தபின் திறக்கலாம் என்று சொல்லியிருந்தேன், இவர் தன்னிச்சையாக, ஊதாமல் திறந்துவிட்டார். ஜீப் ஓட்டுநரும் அவ்வாறே சொன்னார். தொலைபேசி அழைப்புக்குச் சான்று கேட்கலாம் என்று எவருக்கோ தோன்றியபோது அந்த ஆண்டுப் பதிவுகள் அழிந்துபோயிருந்தன.

முதலில் இருவர்மீதும்தான் வழக்கு. ஆனால் ஒரு செயற்பொறியாளர் கடமையின்போது செய்த காரியத்துக்காக அவரைக் கூண்டில் ஏற்ற அரசின் முன் அனுமதி வேண்டும். ஓய்வு பெற்றுவிட்டாலும் வேண்டும். அரசு மறுத்துவிட்டது. லஸ்கரைக் கூண்டில் ஏற்ற எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை. சட்டம் பிடிக்கும் குடை ஒரு குறிப்பிட்ட சம்பளத்துக்கு மேலேதான் விரியும் போலிருக்கிறது. ஆகவே தம்பி இப்போது அரசுத் தரப்புச் சாட்சி. பேச்சிமுத்து மட்டும் குற்றவாளிக் கூண்டில். தண்டனை என்றால் இரண்டு ஆண்டு வரை சிறை; வேலையும் போகும்.

அப்போது விசாரணை அதிகாரி ஒருவர் எனக்கும் போன் செய்தார். சங்கரலிங்கம் அங்கே இருக்கிறாரா என்று கேட்டார். அவன் இங்கே குடியிருப்பதில்லை என்றேன். உண்மை. நன்றி சொல்லி வைத்துவிட்டார்.

செப்டம்பர் 22, ஞாயிறு

தம்பியும் அவன் மனைவி செண்பகவல்லியும் வந்தார்கள். ஒரு சீப்பு நாட்டுப்பழம். நான் சர்க்கரைக்காரி என்பதும் அவன் சர்க்கரைக்காரன் என்பதும் தெரிந்தே வாங்கிய பழம். முப்புடாதி வந்துபோனது அவனுக்குத் தெரிந்திருந்தது. இந்தத் தெருவில் வாடகை தராமல் குடியிருக்கும் காதுகள் அதிகம்.

செண்பகவல்லி சமையலறையைப் பார்த்துவிட்டு, இப்படிக் குப்பையில் இருக்காமல் தங்களோடு வந்து இருக்கலாமே என்றாள். பெருக்குவதற்கு ஆள் வேண்டுமானால் விளம்பரம் கொடு என்றேன். "மைனிக்கு கண்ணுலதான் ஆபரேசன், நாக்குல இல்ல," என்று சிரித்தாள். அவளுக்கு இந்த அளவு நகைச்சுவை உண்டு என்பது எனக்கு இத்தனை வருடம் தெரியாது.

தம்பி எழுந்து போகும்போதுதான் விஷயத்துக்கு வந்தான்.

"நான் உன்னப் பொய் சொல்லச் சொல்லலக்கா. ஒண்ணும் சொல்லாண்டாம்னுதான் சொல்லுதேன்."

அவனுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தது நான். சொல்லாமல் விட்ட எண் தப்பான எண்ணாகாது என்று நான் சொல்லிக்கொடுத்ததாக நினைவில்லை. இதை அவனிடம் சொல்லவில்லை. பழத்தைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.

அக்டோபர் 2, புதன்

விடுமுறை. காஸ் வரவில்லை.

அக்டோபர் 9, புதன்

கண் பரிசோதனை என்று செண்பகவல்லியிடம் சொல்லிவிட்டு நீதிமன்றம் போனேன். கண்ணும் பரிசோதிக்கப்பட்டது என்றே சொல்லலாம்; கடைசி பெஞ்சிலிருந்து எல்லாம் தெளிவாகத் தெரிந்தது.

தம்பி சாட்சி சொல்லி முடித்துப் போயிருந்தான். இன்று குற்றம் சாட்டப்பட்டவரிடம் நீதிபதி நேரடியாகக் கேள்வி கேட்கும் நாள். பேச்சிமுத்துவை நான் முன்பு பார்த்ததில்லை. ஒடிசலான ஆள். சட்டையில் இஸ்திரி மடிப்புக் கலையாமல் இருந்தது. அதற்காகவே பேருந்தில் நின்றுகொண்டு வந்திருப்பார் என்று தோன்றிற்று. நீதிபதி இளைஞர், பொறுமைசாலி. போனில் உத்தரவு கொடுத்தது செயற்பொறியாளர்தானா என்று கேட்டார்.

"இல்லய்யா. ஐயா பேசல. ஒரு பொம்பளக் குரலு. அவுக ஐயாட்ட கேட்டுச் சொன்னாவ."

யார் அந்தப் பெண் என்றார் நீதிபதி.

"பேரு தெரியாதுய்யா. படிச்சவங்க குரலு."

அரசு வழக்கறிஞர் பக்கத்து மேசைக்காரரிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார். செயற்பொறியாளரின் மனைவி, தான் அப்படி எந்த அழைப்பையும் எடுக்கவில்லை என்று ஏற்கெனவே சத்தியம் செய்து சொல்லியிருந்தாளாம். செண்பகவல்லி எப்போதாவது உண்மை பேசினால் அது இப்படிப் பிறருக்குப் பயன்படாத உண்மையாகத்தான் இருக்கும். ஆகவே பேச்சிமுத்து பொய்யர் என்று ஆயிற்று.

வெளியே வராந்தாவில் கறுப்பங்கி ஒன்று என்னை மறித்தது. பேச்சிமுத்துவின் வழக்கறிஞர் ஜெஸிந்தா. சட்டம் படிக்கப் போகுமுன் எங்கள் கல்லூரியில் இயற்பியல் படித்தவள்.

"ஒளியியல்ல எனக்கு முப்பத்திரண்டு மார்க் போட்டீங்க மேடம்."

நீ எழுதியதற்கு அதுவே தாராளம் என்றேன். ஒத்துக்கொண்டாள். நான் ஏன் அங்கே வந்தேன் என்று கேட்கவில்லை. கெட்டிக்காரி ஆகிவிட்டாள்.

அக்டோபர் 10, வியாழன்

பொழுதெல்லாம் மழை. கொடியில் துணி காயவில்லை.

அக்டோபர் 17, வியாழன்

தேங்காய் பறிப்பவன் வந்தான். மரமேறும் கருவி ரிப்பேர் என்று கீழே நின்றே மரத்தைப் பார்த்து வருத்தப்பட்டுவிட்டுப் போனான்.

மாலையில் ஜெஸிந்தா வந்தாள். சுற்றி வளைத்து வானிலை பேசினாள். அரசு அனுமதி மறுத்தபின் என்ன செய்ய முடியும் என்று நான்தான் கேட்டேன். ஒரு பொது அறிவுக் கேள்வி போல. அவளும் பொது அறிவுப் பதில் போலவே சொன்னாள். அந்தப் பாதுகாப்பு, கடமையைச் செய்யும்போது நேர்ந்த தவறுக்கு மட்டும்தான். அணையில் இருக்க வேண்டிய நாளில் விடுப்பும் எடுக்காமல் வேறெங்கோ இருந்துகொண்டு, அணையில் இருந்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது எந்தக் கடமை? வழக்கு நடக்கையில் சாட்சியத்திலிருந்து வேறொருவர் குற்றம் வெளிப்பட்டால் அவரையும் கூண்டுக்கு அழைக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு.

"ஆனா அவர் வேற இடத்துல இருந்தார்னு சொல்ல ஒரு ஆள் வேணும் மேடம். அந்த ஆள் வந்து 'ஞாபகம் இல்ல'ன்னு சொல்லிட்டா, வராம இருந்ததவிட மோசம். பேச்சிமுத்து கத அதோட முடிஞ்சிரும்."

சம்மன் அனுப்பித்தான் ஓர் ஆளை வரவழைக்க முடியும் என்றும், வாயை வரவழைக்க முடியாது என்றும் சொன்னாள். வகுப்பில் இவ்வளவு தெளிவாக ஒரு நாளும் பேசியதில்லை.

தீர்ப்பு டிசம்பருக்குள் வந்துவிடுமாம். முப்புடாதி இப்போது பீடி சுற்றுகிறாளாம். பணியிடை நீக்கத்தில் வரும் பாதிச் சம்பளத்தில் மகளைப் பாலிடெக்னிக்கில் சேர்த்திருக்கிறார்கள். இதையெல்லாம் நான் கேட்கவில்லை. அவள் செருப்பை மாட்டிக்கொண்டே, கதவிடம் சொல்வதுபோலச் சொன்னாள்.

அக்டோபர் 28, திங்கள்

நேற்று தீபாவளி. பட்டாசுச் சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் என் கட்டிலடியில் வந்து படுத்துக்கொண்டது. அழைக்காமல் வந்தவர்களில் அதுதான் ஒன்றும் கேட்கவில்லை.

நவம்பர் 3, ஞாயிறு

அம்மாவின் திதி. ஐப்பசி வளர்பிறை சப்தமி; திருச்செந்தூர் சூரசம்ஹாரத்துக்கு மறுநாள். அம்மா இந்த வீட்டில்தான் இறந்தாள் என்பதால் இங்கேதான் கொடுப்பது. தம்பி ஒரு வருடமும் தவறியதில்லை. அந்த ஒரு விஷயத்தில் அவனைக் குறை சொல்ல முடியாது, அல்லது அந்த ஒரு விஷயத்தில்தான் சொல்ல வேண்டும்.

ஆங்கிலத் தேதியில் திதி வருடாவருடம் மாறும். சென்ற ஆண்டு ஒரு தேதி, இந்த ஆண்டு வேறு. அதனால் பழைய ஆண்டு ஒன்றில் அது எந்தத் தேதியில் விழுந்தது என்பதைப் பழைய பஞ்சாங்கத்தைப் புரட்டாமல் எவரும் சொல்ல முடியாது. போலீசார் புரட்டவில்லை. விசாரணை அதிகாரி புரட்டவில்லை. ஜெஸிந்தாவுக்கு அது தோன்ற நியாயமில்லை; அவள் வீட்டில் கல்லறைத் திருநாள்தான். நானும் இங்கே அதற்கு மேல் எழுதப்போவதில்லை.

புரோகிதர் போனபின் கொல்லைச் சுவரில் காக்கைக்குச் சோறு வைத்தோம். காக்கை எடுக்கும்வரை எவரும் சாப்பிடக் கூடாது. வரவில்லை. சர்க்கரைக்கு மருந்து எடுத்துக்கொண்டவர்கள் இருவர், வெறும் வயிற்றில், ஆளுக்கொரு நாற்காலியில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். செண்பகவல்லி கா கா என்று கூப்பிட்டுப் பார்த்தாள்.

ஜெஸிந்தா என்னைச் சாட்சியாக அழைக்கிறாள், சம்மன் வரும் என்று தம்பிக்குத் தெரிந்துவிட்டது. அவனாகவே பேசினான். தனக்கு ஒன்றுமில்லை, அரசாங்கமே தன்மேல் தப்பில்லை என்று சொல்லிவிட்டது என்றான்.

"தப்பில்லன்னு சொல்லல. கேக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கு," என்றேன்.

பிறகு, மெதுவாக, என்னைச் சமாதானப்படுத்துகிறவன் போல:

"அவன் என்னக்கா, மிஞ்சிப்போனா ஒரு வருசம் உள்ள இருந்துட்டு வருவான். அவனுக்கெல்லாம் அது பழகிப்போவும். நான் இருக்க முடியுமா சொல்லு. இன்சுலின் போடுதவன்."

அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அதுதான் என்னைக் கலக்கியது. கெட்ட எண்ணம் இருந்திருந்தால் ஒரு வேளை மன்னித்திருப்பேன். லோட்டாத் தண்ணீர் சுடுகிறது என்று சொல்வதுபோல் சொன்னான். இறந்த ஐந்து பெண்களின் பெயர் தெரியுமா என்று கேட்டேன். ஒன்று சொன்னான், அதுவும் தப்பு.

ஒரு வழியாகக் காக்கை வந்தது. அவன் எழுந்து, வேட்டியைத் தட்டிக்கொண்டு, அம்மா திருப்தியாகிவிட்டாள் என்றான். பசி எடுத்த காக்கை என்றேன். சாப்பிட்டோம். வாழைக்காய்ப் பொரியலில் உப்பு இல்லை, ஒருவரும் சொல்லவில்லை.

நவம்பர் 5, செவ்வாய்

சம்மன் வந்தது. கொண்டுவந்த ஊழியர் கையெழுத்து வாங்கிக்கொண்டு, இந்த வயசுல எதுக்கும்மா உங்களுக்கு அலைச்சல் என்றார். எனக்கும் அதே கருத்துதான்.

நவம்பர் 11, திங்கள்

செண்பகவல்லி தொலைபேசியில் அழுதாள். மகள் சம்பந்தி வீட்டில் தலைகாட்ட முடியாது என்றாள். அழுகைக்கு நடுவில், "சின்னப் புள்ளையில அவுகள இடுப்புல தூக்கிச் சொமந்தேன்னு சொல்லுவீகளே மைனி," என்றாள். ஆமாம். கனமாகத்தான் இருந்தான். அதைச் சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்துவிட்டேன்.

நவம்பர் 12, செவ்வாய்

ஒன்றுமில்லை.

நவம்பர் 18, திங்கள்

வெள்ளைக் கைத்தறிப் புடவையைக் கஞ்சி போட்டுத் தேய்க்கக் கொடுத்தேன். தேய்ப்பவன் ஓரத்தைச் சுட்டுவிட்டான். மடித்துச் செருகினால் தெரியாது.

நவம்பர் 19, செவ்வாய்

முட்டிகள் ஒத்துழைத்தன. நாற்காலி கொடுத்தார்கள், வேண்டாம் என்றேன். நாற்பது ஆண்டு நின்றே பேசியவளுக்கு உட்கார்ந்தால் வாக்கியம் முடியாது.

தம்பி இரண்டாவது பெஞ்சில் இருந்தான். செண்பகவல்லி வரவில்லை. முப்புடாதி கதவருகே நின்றாள்.

ஜெஸிந்தா அதிகம் கேட்கவில்லை. 2014 அக்டோபர் 30 அன்று உங்கள் தம்பி எங்கே இருந்தார் என்றாள். என் வீட்டில் என்றேன். காலை எட்டு மணிக்குத் துறையின் ஜீப்பில் வந்தான், பிற்பகல் மூன்று மணிக்கு மேல்தான் போனான். அன்று எங்கள் தாயாரின் திதி. அந்த ஆண்டுப் பஞ்சாங்கத்தைப் பார்த்துக்கொள்ளலாம். மழைக்காலத்தில் விடுப்புக் கிடையாது என்பதால் அவன் விடுப்புக் கேட்கவில்லை. ஓட்டுநரும் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டார். இரண்டாம் முறை ரசம் கேட்டு வாங்கினார்.

கூடத்தில் சத்தம் எழுந்து அடங்கியது. தம்பி தலையைத் தூக்கவில்லை.

அரசு வழக்கறிஞர் எழுந்தார். எனக்கும் தம்பிக்கும் சொத்துத் தகராறு என்று ஆரம்பித்தார். வீட்டை அவன் மகள் பெயருக்கு மூன்று வருடத்துக்கு முன்பே எழுதிக் கொடுத்துவிட்டேன், பத்திர அலுவலகத்தில் விசாரிக்கலாம் என்றேன். இவ்வளவு வயதில் நினைவு தடுமாறும் அல்லவா என்றார். தடுமாறினால் இவ்வளவு தொல்லை இல்லை என்றேன். நீதிபதி குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். பின், ஐந்து வருடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டார் அரசு வழக்கறிஞர். அவர் கேட்டவற்றில் அது ஒன்றுதான் கேள்வி. யாரும் கேட்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அது உண்மைதான், விசாரணை அதிகாரியிடம் சொன்னதைப் போன்ற உண்மை. ஆகவே, அவன் என் தம்பி என்றேன். அவர் உட்கார்ந்துவிட்டார்.

நீதிபதி பேனாவை வைத்துவிட்டு, தாமே ஒரு கேள்வி கேட்டார். அணையிலிருந்து தொலைபேசி வந்ததா?

வந்தது. பதினொரு மணிக்குச் சற்று முன்பு. தம்பி தர்ப்பை மோதிரம் போட்டுப் பலகையில் உட்கார்ந்திருந்தான். பாதியில் எழுந்திருக்கக் கூடாது. தொலைபேசி கூடத்தில், அவனுக்கு நேர் எதிரே. அந்தப் பக்கம் பேச்சிமுத்து. தண்ணீர் ஏறுகிறது, சங்கு ஊதவில்லை, சைக்கிளில் ஓர் ஆளைக் கரையோரமாக அனுப்பிச் சொல்லிவிட்டு வரச் சொல்லட்டுமா, அரை மணி நேரம் போதும் என்றார். அதை ஒரு சொல் விடாமல் தம்பியிடம் சொன்னேன். தண்ணீர் கரை தாண்டினால் மேலதிகாரி அணைக்கு வந்துவிடுவார், தான் அங்கே இல்லாதது தெரிந்துவிடும் என்று புரோகிதருக்குக் கேட்காத குரலில் முணுமுணுத்தான். அப்புறம் சத்தமாக, ஆளும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம், உடனே திறக்கச் சொல்லு என்றான்.

இவ்வளவையும் சொல்லி நிறுத்தினேன். நீதிபதி காத்திருந்தார். பேச்சிமுத்து கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். என் முதல் வாக்கியத்திலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது என்று இப்போது நினைக்கிறேன். குரலைத்தானே அவருக்குத் தெரியும். அதற்காக ஒரு சைகையும் காட்டவில்லை.

"பிறகு அந்த உத்தரவை அவருக்குச் சொன்னது யார், அம்மா?"

நான்தான். ஆள் அனுப்ப வேண்டாம், ஐயா உடனே திறக்கச் சொல்கிறார், திற என்று சொன்னேன்.